பதினொரு விநாடி

சிலந்தி என்றால் பயம்.
முஷ்டி என்றால் வன்முறை.
சுவரொட்டியின் அடியில் சின்னச் சின்னக் கட்டங்களில்
இரண்டும் அடைந்து கிடந்தன,
பக்கத்தில் பதினாறு.

ஹார்லிங்கன் துறைமுகத்தெருவில்
டிக்கெட் கிழிக்கிறவன் நான்.
பன்னிரண்டு என்று போட்டிருந்தால் அது அறிவுரை,
பெற்றவர்கள் பாடு.
பதினாறு சட்டம்.
அபராதம் முதலாளிக்கு, வசவு எனக்கு.

நீன்கேவுக்குப் பதின்மூன்று.
பல்லில் கம்பி, கழுத்தில் சைக்கிள் சாவி,
உள்ளங்கையில் எண்ணி எடுத்துவந்த சில்லறை.
அடையாள அட்டை கேட்டேன்.
"எங்கம்மா அதில் நடிச்சிருக்காங்க."

தெரியும். ஊருக்கே தெரியும்.
போன நவம்பரில் எங்கள் கால்வாயில்தான் எடுத்தார்கள்.
நாற்பதாவது நிமிடத்தில் கரைக்கு இழுத்துப் போடப்படும் பிணம்,
மீன் ஏலக்கூடத்தில் கணக்கெழுதும் டெட்ஸ்கே.
பதினொரு விநாடி. வசனம் கிடையாது.

"அண்ணன் இருக்கிறவனெல்லாம் கதை கேட்டுட்டு வரான்.
ஒருத்தன் உதடு நீலம்ங்கிறான்.
ஒருத்தன் கண்ணு திறந்தே இருந்துச்சாம்.
இன்னொருத்தன், வாயிலேர்ந்து விலாங்கு வந்துச்சாம்.
வந்துச்சா?"

பத்தொன்பது தடவை பார்த்த படம்.
பார்க்கத்தான் வயது வேண்டும்,
கேட்பதற்கு வேண்டுமா?
அதற்கு யாரும் கட்டம் போட்டுத் தரவில்லை.
"விலாங்கு இல்லை" என்றேன்.
"அப்போ கண்ணு?"
நான் பேசவில்லை.
அந்த மௌனத்துக்குப்
பதினெட்டு போட்டிருக்க வேண்டும்.

அவள் போகவில்லை.
சோளப்பொரி இயந்திரத்தின் பக்கம் போய்
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
சுவரில் காதை வைத்தாள்.
சுவருக்கு அந்தப் பக்கம்
தண்ணீர்ச் சத்தம், நாய் ஒன்று குரைப்பது,
பிறகு எதுவுமே இல்லை.
அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான்
டெட்ஸ்கேவுக்குப் போன் செய்தேன்.

ரப்பர் பூட்ஸோடு வந்தாள்,
மீன் வாடையும் மழையுமாக.
"வீட்டுக்கு வா."
"காட்டு."
"பதினாறு ஆகட்டும்."
"அதுவரைக்கும் தினம் ராத்திரி நானே எடுத்துப் பார்க்கணுமா?
என் படத்தில் விலாங்கு வருதும்மா."

அடுத்த காட்சிக்கு, ஆறு வயதுப் படம்,
வரிசையில் ஏழெட்டுப் பேர்.
டெட்ஸ்கே அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
மழைக்கோட்டோடு
சிவப்புக் கம்பளத்தில், சிந்திய பொரிகளுக்கு நடுவில்,
மல்லாந்து படுத்தாள்.

"இப்படித்தான். இந்தக் கை இப்படி மடங்கி.
நீலம் பூசினது லேவார்டன் பொண்ணு,
அவ விரல் என்னமா சூடு தெரியுமா?
நாலு தடவை எடுத்தாங்க.
ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் பட்டாணி சூப்.
மூணாவது தடவை தும்மிட்டேன்,
டைரக்டர் தலையில கை வச்சிட்டார்."
நீன்கே சிரித்தாள். கம்பியெல்லாம் தெரிய.
"சரி, இப்போ பேசக்கூடாது.
செத்தவங்க பேச மாட்டாங்க."

கண் திறந்தே இருந்தது.
கூரை விளக்கு அதில் அசையாமல் நின்றது.
என்னையறியாமல் எண்ணினேன்.
நாலில் இன்னும் சிரிப்பு இருந்தது.
ஏழில் இல்லை.
"போதும்மா."
ஒன்பது.
"அம்மா, தெரிஞ்சுடுச்சு. எழுந்திரு."
பத்து, பதினொன்று.

நல்ல நடிகை டெட்ஸ்கே. அதுதான் தப்பு.
பன்னிரண்டில்தான் இமைத்தாள்.

மகள் அவள் பூட்ஸை ஓங்கி உதைத்தாள்,
அப்புறம் அதையே கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.
நான் சில்லறையை நீட்டியது
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வரிசையில் ஒருவர்
தன் பையனின் கண்ணைப் பொத்தியிருந்தார்.
விரல் இடுக்கில்
அவன் இன்னும்
எண்ணிக்கொண்டிருந்தான்.